இரு நகரங்களும் இடைப்பட்ட வானமும்

வட அமெரிக்காவின் கீழைக் கரையில் நியூயார்க் நகரம் உள்ளது. ஐரோப்பாவில் பிரான்சு நாட்டின் தலைநகராகப் பாரிசு விளங்குகிறது. இவ்விரு நகரங்களுக்கும் இடையே அட்லாண்டிக் மாகடல் பரந்து கிடக்கிறது. வான்வழித் தொலைவு ஏறத்தாழ 5,800 கிலோமீட்டர் ஆகும். இத்தொலைவு அன்றும் இன்றும் ஒன்றே. ஆயினும் அதனைக் கடக்கும் காலமோ பெரிதும் குறைந்துவிட்டது. இக்குறைவு எளிதில் வாய்த்ததன்று.

1919-ஆம் ஆண்டில் ரேமண்டு ஆர்த்தேக் என்னும் விடுதி உரிமையாளர், இவ்விரு நகரங்களுக்கிடையே எங்கும் இறங்காது பறப்போர்க்கு 25,000 டாலர் பரிசளிப்பதாக அறிவித்தார். அதனைப் பெறும் முயற்சியில் அறுவர் உயிர் இழந்தனர். 1927 மே 8-ஆம் நாள் பாரிசிலிருந்து புறப்பட்ட நன்ஜெசேர், கோலி என்னும் இருவரும் அவருள் அடங்குவர். அவர்கள் சென்ற விமானம் என்னவாயிற்று என்பது இன்றளவும் புலப்படவில்லை.

இச்செய்தி கேட்டும் அஞ்சாது, அதே மே மாதம் 20-ஆம் நாள் காலையில், சார்லசு லிண்ட்பெர்க் என்னும் 25 வயது இளைஞர் நியூயார்க்கிலிருந்து தனியே புறப்பட்டார். அவருடைய விமானம் ஒற்றை எந்திரம் உடையது. அதில் வானொலிக் கருவி இல்லை. எரிபொருளுக்கு இடம் வேண்டிப் பல பொருள்களை அவர் தவிர்த்திருந்தார்.

தட்டையான நிலப்படத்தில் நேர்கோடாகத் தோன்றும் வழி மிகக் குறுகிய வழியன்று. உலக உருண்டையின்மேல் இவ்விரு நகரங்களையும் இணைத்து ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது வடக்கே வளைந்து நியூபவுண்ட்லாந்துப் பக்கமாகச் செல்வதைக் காணலாம். லிண்ட்பெர்க் அவ்வழியைப் பல கூறுகளாகப் பகுத்துக்கொண்டு, ஒவ்வொரு கூற்றின் முடிவிலும் திசையைச் சிறிது மாற்றிச் சென்றார்.

இரவில் முகில்களுக்கிடையே இறக்கைகளில் பனிக்கட்டி படிந்தது. அதனினும் கொடிய பகையாக உறக்கம் வந்து வருத்தியது. முந்தைய இரவும் அவர் உறங்கியிருக்கவில்லை. மறுநாள் கடலில் மீன்பிடி படகுகளைக் கண்டு, தாழப் பறந்து, அயர்லாந்து எத்திசையில் உள்ளது என்று உரக்கக் கேட்டார், விடை கிடைக்கவில்லை. சிறிது நேரத்தில் அயர்லாந்தின் கரையே கண்ணுக்குப் புலனாயிற்று. புறப்பட்ட முப்பத்து மூன்றரை மணி நேரத்தில் அவர் பாரிசில் இறங்கினார்.

எதிர்த்திசைப் பயணம் மேலும் அரிதாயிற்று. அக்கடலின்மேல் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசுவதே காரணம். 1930 செப்டம்பரில் கோஸ்து, பெலோந்து என்னும் பிரெஞ்சு வீரர் இருவர், பாரிசிலிருந்து நியூயார்க்கை 37 மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் அடைந்தனர். இன்றும் பாரிசுக்குச் செல்ல ஏறத்தாழ ஏழு மணி நேரம் போதும். திரும்பி வர எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஒலியினும் விரைந்து சென்ற கான்கார்டு விமானம், 1977 முதல் 2003 வரை, இத்தொலைவை மூன்றரை மணி நேரமளவில் கடந்து வந்தது.

இன்று இவ்வழியே செல்வோர் அச்சமின்றி உறங்கிச் செல்கின்றனர். உறங்காது அவ்வழியைக் கடந்தவரையும், கடக்க முயன்று மீளாதவரையும் அவர்கள் நன்றியோடு நினைத்தல் தகும்.