சனாதிபதி அதிகாரமும் இரண்டாவது கையொப்பமும்



உங்கள் ஊரிலுள்ள சனசமூக நிலையத்தையோ கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தையோ சற்று நினைத்துப் பாருங்கள். வங்கியிலுள்ள சங்கப் பணத்தை எடுப்பதற்குத் தலைவரின் கையொப்பம் மட்டும் போதாது; பொருளாளரும் ஒப்பமிட வேண்டும். தலைவர் கள்வர் என்பதனாலா இந்த ஏற்பாடு? இல்லை. இன்றைய தலைவர் உத்தமராகவே இருக்கலாம். நாளை வரப்போகிறவர் யாரென்று எவருக்கும் தெரியாது. அதற்காகத்தான் இந்த விதி. ஆயினும் சில சங்கங்களில் ஒரு கெட்ட வழக்கம் உண்டு. 'ஏன் வீண் அலைச்சல்' என்று பொருளாளர் வெற்றுக் காசோலைகளில் முன்கூட்டியே ஒப்பமிட்டுத் தலைவரிடம் கொடுத்துவிடுவார். விதி மீறப்படவில்லை, காசோலையில் இரண்டு ஒப்பங்களும் இருக்கின்றன. ஆனால் காவல் போய்விட்டது.

இலங்கையில் சனாதிபதியின் அதிகாரம் வளர்ந்த கதையும் பெரும்பாலும் இவ்வாறானதே. படைகொண்டு எவரும் பாராளுமன்றத்தைக் கைப்பற்றவில்லை. ஒவ்வொரு படியும் சட்டமூலமாக வந்தது, வாக்கெடுப்பில் நிறைவேறியது, வர்த்தமானியில் பிரசுரமானது. ஆகவேதான் இதை நாம் கவனமாகக் கற்கவேண்டியிருக்கிறது.

1972ஆம் ஆண்டின் யாப்பின்கீழும் நமக்கு ஒரு சனாதிபதி இருந்தார். அவர் வில்லியம் கோபல்லாவ. ஆனால் அது பெயரளவிலான பதவி. ஆட்சியை நடத்தியவர் பாராளுமன்றத்துக்குப் பதில் சொல்லவேண்டிய பிரதம மந்திரியே. பாராளுமன்றத்தின் விருப்பு வெறுப்புகளில் தங்கியிராத, மக்களால் நேரே தெரியப்படும் ஒரு நிர்வாகத் தலைவர் தேவை என்ற கருத்தை 1966ஆம் ஆண்டிலேயே ஜே. ஆர். ஜயவர்த்தன பகிரங்கமாகக் கூறியிருந்தார். 1977 யூலைத் தேர்தல் அவருக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்தது. ஏறக்குறைய 51 வீத வாக்குகளைப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சிக்கு 168 ஆசனங்களில் 140 கிடைத்தன. யாப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அவரிடம் ஆறில் ஐந்து பங்கு இருந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் பழைய யாப்பைத் திருத்தினார்கள். 1978 பெப்ரவரி 4ஆம் திகதி அவர் நிறைவேற்று அதிகாரமுள்ள முதற் சனாதிபதியானார். செப்டெம்பர் 7இல் புதிய யாப்பே நடைமுறைக்கு வந்தது.

அந்த யாப்பு ஒருவர் கையில் எவற்றையெல்லாம் வைத்தது என்று பாருங்கள். அவரே அரசின் தலைவர், அரசாங்கத்தின் தலைவர், முப்படைகளின் தளபதி. அமைச்சரவைக்கும் அவரே தலைவர். விரும்பிய அமைச்சுக்களைத் தாமே வைத்துக்கொள்ளலாம். உயர் நீதிமன்ற நீதியரசர்களை நியமிப்பவரும் அவரே. பொதுத் தேர்தல் முடிந்து ஓர் ஆண்டு கழிந்தபின் பாராளுமன்றத்தை எப்போதும் கலைக்கலாம் என்றிருந்தது. பதவியில் இருக்கும்வரை அவர்மீது குடியியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ தொடர முடியாது.

அவரை விலக்கும் வழி இல்லாமலில்லை. 38ஆம் உறுப்புரை அதைக் கூறுகிறது. ஆனால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இரு முறை வேண்டும், இடையில் உயர் நீதிமன்ற விசாரணையும் நடக்கவேண்டும். 1991இல் ரணசிங்க பிரேமதாசமீது குற்றப் பிரேரணை கொண்டுவர முயன்றபோது அவர் பாராளுமன்றத்தை ஒத்திவைத்துக் காலம் தேடிக்கொண்டார். குற்றஞ்சாட்டப்பட்டவரே விசாரணை மண்டபத்தின் கதவைப் பூட்டலாம்! இவ்வழியால் எந்தச் சனாதிபதியும் இதுவரை விலக்கப்பட்டதில்லை.

இனி 1982ஆம் ஆண்டுக்கு வருவோம். முக்கியமான பாடம் அங்கேதான் இருக்கிறது. ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகள் 1980இலேயே பறிக்கப்பட்டிருந்தபடியால் அவர் போட்டியிட முடியவில்லை. ஒக்டோபர் 20ஆம் திகதி நடந்த சனாதிபதித் தேர்தலில் ஜயவர்த்தன வென்றார். அடுத்து வரவேண்டியது பொதுத் தேர்தல். ஆனால் புதிய யாப்பின்படி அது விகிதாசார முறையில் நடக்கவேண்டும். 51 வீத வாக்குக்கு ஆறில் ஐந்து பங்கு ஆசனம் இனிக் கிடையாது. எனவே பொதுத் தேர்தலே வேண்டாம், இருக்கும் பாராளுமன்றத்தின் ஆயுளை இன்னும் ஆறு ஆண்டுகள் நீட்டுவோம் என்றார்கள். எதிர்க்கட்சிக்குள் நக்சலைட் சதி என்று காரணமும் சொல்லப்பட்டது.

அந்த வேளையில் சனாதிபதி தமது கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் திகதியிடப்படாத இராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். நன்கு கவனியுங்கள். கடிதத்தில் உறுப்பினரின் ஒப்பம் இருக்கும். திகதியைச் சனாதிபதி விரும்பிய நாளில் இட்டுக்கொள்ளலாம். பொருளாளர் கொடுத்த வெற்றுக் காசோலைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? சனாதிபதியைத் தட்டிக் கேட்பதற்காக மக்கள் அனுப்பியவர்கள், தங்கள் ஆசனத்தையே அவருடைய மேசை இலாச்சிக்குள் வைத்துவிட்டார்கள்.

1982 டிசெம்பர் 22ஆம் திகதி சர்வசன வாக்கெடுப்பு நடைபெற்றது. விளக்குக்கு வாக்களித்தால் நீடிப்புக்குச் சம்மதம், குடத்துக்கு வாக்களித்தால் மறுப்பு. மூத்த வாசகர்களுக்கு இந்தச் சின்னங்கள் நினைவிருக்கும். யாழ்ப்பாண மாவட்டம் குடத்தின் பக்கமே பெருவாரியாக நின்றது. நாடு முழுவதிலும் 54 வீதத்துக்குச் சற்று அதிகமானோர் விளக்குக்கு வாக்களிக்க, நீடிப்பு நிறைவேறியது. 1977 யூலையின் பின் அடுத்த பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரியில்தான் நடந்தது. 1977இல் பதினொரு வயதாயிருந்த பிள்ளை தன் முதலாவது பொதுத் தேர்தலில் வாக்களிக்கும்போது இருபத்திரண்டு வயதைத் தாண்டியிருக்கும். அந்தப் பதினொன்றரை ஆண்டுகளுக்குள் நம் மண்ணில் என்னவெல்லாம் நடந்தன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1983 ஆகஸ்டில் 6ஆம் திருத்தம் வந்தது. அது கேட்ட சத்தியத்தைச் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் தங்கள் ஆசனங்களை இழந்தார்கள். பேசுவதற்கு மன்றம் மிகவும் தேவைப்பட்ட வேளையில் நமக்கு மன்றத்தில் வாயில்லாமற் போயிற்று.

இதே காலத்து இன்னொரு சட்டத்தையும் மறக்கலாகாது. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு அமைச்சரின் கட்டளையால் ஒருவரைக் குற்றஞ்சாட்டாமலே 18 மாதங்கள்வரை தடுத்து வைக்கலாம் என்றிருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 12 மாதங்களாகக் குறைத்தது. பாதுகாப்பு அமைச்சைப் பெரும்பாலும் சனாதிபதியே வைத்திருப்பார். தடுப்புக் கட்டளையில் நீதவானின் ஒப்பம் தேவையில்லை. யாப்புப் பற்றிய பேச்செல்லாம் கொழும்பிலுள்ள பெரியவர்களின் விடயம் என்று எண்ணுகிறவர்கள், பிள்ளையின் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி தெருவோரத்தில் அமர்ந்திருந்த தாய்மாரை நினைத்துப் பார்க்கட்டும்.

இம்முறைக்கு ஆதரவான நியாயமும் உண்டு. அதைக் கேளாமல் விடுவது நேர்மையாகாது. நாடு முழுவதிலும் பாதிக்கு மேல் வாக்கு வேண்டியிருப்பதால், சனாதிபதியாக விரும்புகிறவர் சிறுபான்மையினரின் வாசலுக்கும் வந்தேயாகவேண்டும் என்பார்கள். தந்தை செல்வாவின் மருமகனும் அரசறிவியற் பேராசிரியருமான ஏ. ஜெயரத்தினம் வில்சன், ஜயவர்த்தனவுக்கு ஆலோசனை கூறியவர்களுள் ஒருவர். அவரைப்போன்ற அறிஞர்களே ஒரு காலத்தில் இம்முறையில் நம்பிக்கை வைத்திருந்தார்கள். 2015 ஜனவரியில் நம் வாக்கு பெறுபேற்றைத் தீர்மானிப்பதில் பெரும் பங்கு கொண்டதும் உண்மையே. ஆனால் வாக்குக் கேட்க வருவது ஒன்று, வென்றபின் கணக்குச் சொல்வது வேறொன்று. 13ஆம் திருத்தத்தால் கிடைத்த மாகாண சபையைப் பாருங்கள். ஆளுநரை நியமிப்பவர் சனாதிபதி. வட மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தலின்றி, சனாதிபதி அனுப்பிய ஆளுநர்களே மாகாணத்தை நடத்தினார்கள்.

2001இல் வந்த 17ஆம் திருத்தம் இரண்டாவது ஒப்பத்தை ஓரளவு மீட்டுத் தந்தது. உயர் பதவிகளுக்கான நியமனங்களை அரசியலமைப்புப் பேரவை அங்கீகரிக்கவேண்டும் என்றது. 2010 செப்டெம்பரில் 18ஆம் திருத்தம் அதை அழித்தது. இரு தடவைக்கு மேல் ஒருவர் சனாதிபதியாக முடியாது என்ற எல்லையும் அத்துடன் போனது. அவசர சட்டமூலமாக வந்த அது 161க்கு 17 என்று நிறைவேறியபோது பெரும்பாலான குடிமக்கள் அதன் பிரதியைக் கண்ணாலும் கண்டிருக்கவில்லை. 2015இன் 19ஆம் திருத்தம் மீண்டும் கட்டியது. 2020இன் 20ஆம் திருத்தம் மீண்டும் இடித்தது. மக்கள் வீதிக்கு இறங்கிச் சனாதிபதி ஒருவர் நாட்டைவிட்டே ஓடியபின், 2022 ஒக்டோபரில் 21ஆம் திருத்தம் ஒரு பகுதியைத் திரும்பக் கட்டியது. சிறுபிள்ளைகள் கடற்கரையில் கட்டும் மணல்வீடு போலல்லவா இருக்கிறது!

ஆனால் ஒரு தடவை மணல்வீடு அலைக்குத் தாக்குப்பிடித்தது. 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி சனாதிபதி மைத்திரிபால சிறிசேன, ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்சவைப் பிரதம மந்திரியாக்கினார். நவம்பர் 9ஆம் திகதி பாராளுமன்றத்தையும் கலைத்தார். சபைக்குள் மிளகாய்த்தூள் வீசிய காட்சியும் அந்த மாதத்தில்தான் அரங்கேறியது. 19ஆம் திருத்தத்தின்படி முதல் நான்கரை ஆண்டுகளுக்குள், பாராளுமன்றமே மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் கேட்டாலன்றிக் கலைக்க முடியாதிருந்தது. சனாதிபதியின் உத்தியோகச் செயலுக்கெதிராக அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்யவும் அதே திருத்தமே வழிவிட்டிருந்தது. மனுத் தாக்கல் செய்தவர்களுள் ஒருவர் திருகோணமலையின் இரா. சம்பந்தன், தீர்ப்பும் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. டிசெம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக, கலைத்தது யாப்புக்கு முரண் என்றார்கள். 70ஆம் உறுப்புரையில் இருந்த சில வரிகள் ஒரு பாராளுமன்றத்தையே காப்பாற்றின.

அந்தக் குழப்பத்தின் மிச்சம் நம் ஆலயங்களின் வாசலுக்கே வந்தது. சிறிசேன பாதுகாப்பு அமைச்சோடு பொலிசாரையும் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டார். தேசிய பாதுகாப்புச் சபைக்குத் தாம் அழைக்கப்படவில்லை என்று பிரதம மந்திரி பின்னர் கூறினார். தாக்குதல் பற்றிய வெளிநாட்டு எச்சரிக்கை 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே நம் புலனாய்வுத் துறைக்குக் கிடைத்திருந்தது. ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம். ஓட்டல்களில் மாண்டவர்களோடு சேர்த்து 250க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம், கடமை தவறியமைக்காகச் சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அப்போது அவர் சனாதிபதியாக இருக்கவில்லை.

2024 நவம்பர்த் தேர்தலில் தேசிய மக்கள் சக்திக்கு 225இல் 159 ஆசனங்கள் கிடைத்தன. 1977இன் பெரும்பான்மை அளவுக்கு இல்லாவிடினும் மூன்றில் இரண்டுக்கு மேல். நிறைவேற்று சனாதிபதி முறையை ஒழிப்போம் என்பது அவர்களது தேர்தல் வாக்குறுதிகளில் ஒன்று. 1994இலும் அவ்வாறே சொல்லப்பட்டது. சந்திரிகா குமாரதுங்க 1995 யூலை 15 என்று நாளும் குறித்தார். அந்த நாள் வந்து போயிற்று.

யாப்பின் தமிழ்ப் பிரதி கிடைத்தால் 30, 33, 35, 70, 82, 83ஆம் உறுப்புரைகளை ஒரு மாலை வளர்ந்த பிள்ளைகளோடு அமர்ந்து வாசியுங்கள். பின் இதைக் கலந்துபேசுங்கள்: உங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினரிடம் நாளை ஒருவர் திகதியில்லாக் கடிதம் கேட்டால், அவர் கொடுத்துவிட்டார் என்பதை நாம் எப்படி அறிவோம்? அறிந்தால் யாரிடம் சொல்வோம்?