முதற் கோணல் முற்றும் கோணலா?

'முதல் கோணல் முற்றும் கோணல்' என்பது நம் முன்னோர் வாக்கு. கணிப்பொறிக்கு இது பொருந்துமா என்பதை நாங்கள் நேரில் கண்டறிந்தோம்.

எங்கள் அறிவியல் கண்காட்சிக் கட்டுரை தோழி ஒருத்தியின் அக்காவுடைய மடிக்கணினியில் இருந்தது. அதில் இயங்குவது பாஸ் லினக்ஸ். சென்னை சி-டாக் நிறுவனத்தார் 2007-இல் முதன்முதலாக வெளியிட்ட இயக்க அமைப்பு இது. மென்பொருளைப் புதுப்பிக்கையில் பாட்டரி தீர்ந்துபோயிற்று. மீண்டும் முடுக்கியபோது, கறுப்புத் திரையில் சில வரிகள் தோன்றி, அப்படியே நின்றுவிட்டது. "எல்லாம் அழிந்தது!" என்று கலங்கினோம். கணிப்பொறி கற்பிக்கும் சிஸ்டர், "அழியவில்லை, வழி தெரியாமல் நிற்கிறது" என்று விளக்கினார்கள்.

பொத்தானை அழுத்தியதும், இயக்க அமைப்பின் மையப் பகுதியான கெர்னல் நினைவகத்தில் ஏறி, ஒவ்வோர் உறுப்பாக எழுப்புகிறது. ஒவ்வொரு உறுப்புக்கான நிரலும் விடை கூற வேண்டும். நலமெனில் 0, தவறெனில் எதிர்ம எண். நினைவிடம் போதாவிட்டால் -12. கருவியே இல்லையெனில் -19.

தவறு நேர்ந்தால் கெர்னல் மூன்று விதமாக நடக்கும்.

முதலாவது, சிறு குறையைப் பொறுத்தல். ஒலிக்கருவி எழாவிட்டால், குறித்து வைத்துக்கொண்டு மேலே செல்லும்.

இரண்டாவது, பாதியில் நின்ற வேலையைப் பின்னிருந்து கலைத்தல். நம் செந்துறைப் பக்கத்துக் கல்யாண வீட்டில் பந்தல் போட்டு, அதனடியில் வாடகைப் பாத்திரங்களை இறக்கியபின் விருந்து தள்ளிப்போனால், முதலில் பாத்திரங்களை அனுப்பிவிட்டுப் பிறகே பந்தலைப் பிரிப்போம் அல்லவா? அவ்வாறே கடைசியாகப் பெற்றதை முதலில் திருப்பித் தரவேண்டும். தராவிட்டால் அந்த நினைவிடம் எவருக்கும் பயன்படாது.

மூன்றாவது, நின்றுவிடுதல். அடிப்படைக் கோப்புகள் உள்ள வட்டுப் பகுதியே கிடைக்காதபோது குருட்டாட்டமாக ஓடுவது ஆபத்து. எங்களுக்கு நேர்ந்தது இதுதான். புதிய கெர்னல் அரைகுறையாகப் பதிந்திருந்தது. தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தார்கள் சிஸ்டர். கட்டுரை அப்படியே இருந்தது!

2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பு ஒன்றால் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் முடங்கின. பல பொறிகள் எழுவதும் விழுவதுமாகத் தவித்தன. நம் நாட்டிலும் விமானப் பயணிகளுக்குக் கையால் சீட்டு எழுதித் தந்தார்கள். பொறிகள் பலவற்றை ஒவ்வொன்றாகக் கைப்படச் சரிசெய்ய நேர்ந்தது.

ஆகவே தோழியரே, தொடக்கத்தில் தவறு நேர்வது இயல்பு. அதை மறைக்காமல் உடனே சொல்லி, எடுத்ததைத் திருப்பி வைத்து, பழைய வழியையும் காத்து வைத்திருந்தால், முதற் கோணல் முற்றும் கோணலாகாது.