ஆலிகேட்ஸ் மேடையும் நம் மாத்திரைக் கணக்கும்

பினாங்கின் இசையைப் பற்றி நம்மவர்களிடம் பேச்செடுத்தால் முதலில் வரும் பெயர் பி. ரம்லி. 1929-இல் இத்தீவில் பிறந்தவர்; அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அடுத்த பெயர் சொல்லுங்கள் என்றால் கொஞ்சம் தயக்கம். ஆறுமுகம் குடும்பத்துப் பிள்ளைகள் இருவர் இதே ஊரிலிருந்து புறப்பட்டு, நாடு முழுவதும் அறிந்த பாடகர்கள் ஆனது நமக்குத் தெரியாததல்ல. ஆனால் நான் படித்த தமிழ் ஆண்டு மலர்கள் எதிலும் அவர்களைப் பற்றி ஒரு கட்டுரையும் கண்டதில்லை. காரணம் எளிது. அவர்கள் பாடியது மலாயில்.

டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம். குழுவின் பெயர் ஆலிகேட்ஸ். (என் பாட்டி இதை ‘எலிகேட்ஸ்’ என்பார். எலியும் பூனையும் ஒரே பெயரில் குடியிருப்பது வேறெங்கும் கிடைக்காது.) அவர்களை மேடையில் இருமுறை நேரில் பார்த்தவன் என்ற முறையிலும், தமிழ் யாப்பைப் பாடமாகப் படித்தவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன். ரசிகனின் பேச்சு நடுவே புகுந்துவிட்டால் நண்பர்கள் பொறுத்துக்கொள்க.

முதலில் ஒரு கேள்வி. இப்படியொரு குழு பினாங்கில் ஏன் தோன்றியது? 1960களின் இறுதியில் இந்தத் தீவில் இரவுதோறும் நேரடி இசைக்குத் தேவை இருந்தது. எதிர்க்கரையில் பட்டர்வொர்த் விமானத் தளத்தில் ஆஸ்திரேலிய விமானப் படையினர் இருந்தனர். அத்தளம் 1988-இல்தான் முழுமையாக மலேசியாவின் கைக்கு வந்தது. வியட்நாம் போரிலிருந்து விடுப்பில் வந்த அமெரிக்கச் சிப்பாய்களும் இங்கே இறங்கினார்கள். கப்பல்காரர்கள் எப்போதும் உண்டு. இவர்களுக்காக ஹோட்டல்களும் இரவு விடுதிகளும் பேண்டுகளை வைத்துக்கொண்டன. ஓர் இரவில் பல மணி நேரம், அன்றைய ஆங்கிலப் பாட்டு எதைக் கேட்டாலும் வாசிக்க வேண்டும். இதைவிடக் கடுமையான இசைப் பள்ளி கிடையாது. நம் சகோதரர்களும் இந்தக் காலத்துப் பிள்ளைகள். பின்னர் 1970களில் ஹாங்காங் விடுதிகளில் வாசித்துத் தேர்ந்து, நாடு திரும்பி மலாய்ப் பாடல்களைப் பதிவு செய்தார்கள். எம். நாசிர் போன்றவர்கள் அவர்களுக்கு மெட்டமைத்தார்கள். சோல், பாப், ராக் மூன்றும் கலந்த ஒலி. தலையில் பெரிய கூடை போன்ற சுருட்டை முடி.

முடி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1992-இல் நீண்ட முடி வைத்த ராக் கலைஞர்களுக்கு ஆர்டிஎம்மில் இடமில்லை என்றானபோது, சர்ச், விங்ஸ் குழுப் பாடகர்கள் முடியை வெட்டிக்கொள்ள நேர்ந்தது. அவர்கள் முடியாவது தோளில் தொங்கியது. ஆறுமுகம் சகோதரர்களின் முடி தொங்கவே இல்லை. மேலேயும் பக்கவாட்டிலும்தான் வளர்ந்தது.

இனி மேடைக்கு வருவோம். 2000களின் தொடக்கத்தில், நான் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, ஜார்ஜ் டவுனில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் இரவு விருந்தோடு அவர்களின் நிகழ்ச்சி நடந்தது. மேசைக்குப் பத்துப் பேர். என் அண்ணன் வேலை செய்த இடத்தில் ஒரு மேசை வாங்கியிருந்தார்கள். ஆள் குறைந்ததால் எனக்கு இடம் கிடைத்தது. எங்கள் மேசை கடைசி வரிசை. பக்கத்தில் ஓய்வு பெற்ற மலாய் ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும். எதிரில் சீனக் கடைக்காரர் ஒருவர். முதல் பாட்டின் இரண்டாம் வரியிலேயே அந்த மூவரும் பாடத் தொடங்கினார்கள். சொல் ஒன்றும் பிசகவில்லை. தமிழர்களான நாங்கள்தான் கொஞ்சம் தயங்கி, பிறகு சேர்ந்துகொண்டோம்.

கேசட்டில் பல ஆண்டுகள் கேட்ட பாடல்கள் அவை. ஆனால் கேசட் மறைத்து வைத்திருந்த ஒன்று நேரில் தெரிந்தது: அடித்தளம். எங்கள் வீட்டு வானொலிப் பெட்டியின் சிறிய ஒலிபெருக்கியில் பேஸ் கித்தார் என்பது ஒரு மெல்லிய முனகல்தான். மண்டபத்தில் அது நாற்காலி வழியாக ஏறி வந்தது. காலால் அடிக்கும் பெரிய டிரம் நெஞ்சில் தட்டியது. பாடகர் குரல் அந்த அடித்தளத்தின் மேல் அவசரமே இல்லாமல், சற்றுப் பின்தங்கி நடந்தது. அந்தப் பின்தங்கலில்தான் அவர்கள் பாட்டின் சுவை இருக்கிறது என்பது என் கருத்து.

கைதட்டலையும் கவனித்தேன். பஜனையிலும் கச்சேரியிலும் பழகிய நமக்குத் தாளத்தின் முதல் அடி, அதாவது சமம், முக்கியம். கை தானாக அங்கே விழும். ராக், சோல் இசையில் நான்கு அடிகளில் இரண்டாவதும் நான்காவதும்தான் ஓங்கி விழும். ஸ்நேர் டிரம் அங்கேதான் அறையும். எங்கள் மேசையில் பாதிப் பேர் ஒன்றிலும் மூன்றிலும் தட்ட, மறுபாதி இரண்டிலும் நான்கிலும் தட்ட, நடுவில் கோழி வறுவல் வந்து சேர்ந்தது.

இன்னொரு விவரம். ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், அடி நம்மை வந்தடைய பத்தில் ஒரு விநாடி ஆகும். நாம் கேட்டதற்கு ஏற்பத் தட்டும் கை மேடைக்குத் திரும்ப இன்னும் பத்தில் ஒரு விநாடி. ஆக, கடைசி வரிசையின் கைதட்டல் டிரம் வாசிப்பவருக்கு ஐந்தில் ஒரு விநாடி தாமதமாகவே கேட்கும். நிமிடத்துக்கு 120 அடி போகும் பாட்டில் ஓர் அடிக்கே அரை விநாடிதான். கூட்டத்தின் தாளத்தை நம்பி வாசிப்பவர் மெல்ல மெல்ல வேகம் குறைந்து நின்றுவிடுவார். அதனால்தான் மேடையில் கலைஞர்களை நோக்கித் தனி ஒலிபெருக்கிகள் வைக்கிறார்கள். அவர்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். நம் தாளத்தைக் கேட்க மாட்டார்கள்.

இப்போது மொழி. அன்றிரவு எனக்குள் எழுந்த கேள்வி இது: இந்த ஒலியைத் தமிழில் கொண்டுவர முடியுமா? மலாயில் குறில், நெடில் வேறுபாடு பொருளை மாற்றாது. பாடகர் எந்த உயிரை வேண்டுமானாலும் நான்கு அடிக்கு நீட்டலாம்; சொல் அதே சொல்தான். தமிழில் ‘விடு’ என்பதை நீட்டினால் ‘வீடு’ ஆகிவிடும். ‘படு’ பாடத் தொடங்கிவிடும். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று தொல்காப்பியம் தந்த மாத்திரைக் கணக்கை நம் காது இன்னும் விடவில்லை.

இதைவிடப் பெரிய தொல்லை குற்றியலுகரம். பாட்டு, காற்று, நெஞ்சு, எழுத்து: நமக்குப் பிடித்த சொற்களில் எத்தனை இப்படி முடிகின்றன பாருங்கள். இறுதி உகரம் அரை மாத்திரைதான். ராக் பாடகர் வரியின் கடைசியில் வாயைத் திறந்து உச்ச ஸ்தாயியில் நிற்க வேண்டிய இடத்தில் நம் சொல் உதட்டைக் குவிக்காமலே மறைந்துவிடுகிறது. நம் நாட்டுப்புறப் பாடகர்கள் இதற்கு வழி கண்டவர்கள். ‘ஏலேலோ’வும் ‘தன்னானே’யும் வெறும் இட்டு நிரப்பல் அல்ல, குரல் நிற்பதற்குப் போட்ட திண்ணை. விளிச் சொற்களும் அப்படியே: கண்ணே, ராசா, தோழா.

மறுபக்கமும் உண்டு. ஆலிகேட்ஸ் பாடல் ஒன்றின் தலைப்பைத் தமிழில் எழுதிப் பார்த்தேன்: ‘அன்டாய்ஞா ஆக்கு பெர்கி டூலு’. ‘ஒருவேளை நான் முன்னே போய்விட்டால்’ என்று பொருள். மலாயில் நெடிலே இல்லை; ஆனால் ‘ஆக்கு’ என்று நெடில் போடாமல் நமக்கு எழுத வரவில்லை. ‘பெர்கி’யில் உள்ள உயிர் எகரமும் அல்ல, அகரமும் அல்ல, அதற்கு நம்மிடம் எழுத்தில்லை. தமிழ் வீட்டில் வளர்ந்த இரு பிள்ளைகள் அந்த உயிரைப் பிசிறின்றிப் பாடினார்கள் என்பதை மொழி படிப்பவர்கள் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது.

தமிழில் முடியாது என்று சொல்லவில்லை. 2006-இல் யோகி பி, நட்சத்திரா குழுவினர் ‘வல்லவன்’ இசைத்தட்டில் வேறு வழியில் போனார்கள். நீட்டுவதை விட்டுவிட்டு, வல்லின ஒற்றையும் எதுகையையும் டிரம்மாக்கினார்கள். குற்றியலுகரம் அங்கே குறையே அல்ல, வெட்டிவிழும் அடி. சென்னையில் தொடங்கிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு கானாவையும் ராப்பையும் ராக்கையும் இணைத்தது.

“தமிழ்ப் பிள்ளைகள், தமிழில் பாடக் கூடாதா?” என்று என் மாமா கேட்பார். அந்தக் கேள்வியில் வருத்தம் இருக்கிறது; அதை நான் மதிக்கிறேன். ஆனால் அன்றைய மார்க்கெட் ஸ்திரீட் கேசட் கடைகளை நினைத்துப் பாருங்கள். தெரு முழுவதும் சென்னையிலிருந்து வந்த திரைப்பாடல். உள்ளூர்ப் பையன்கள் தமிழில் ஒரு ராக் பாட்டுப் போட்டிருந்தால் நம்மில் எத்தனை பேர் காசு கொடுத்து வாங்கியிருப்போம்? வாங்காத நாம் பாடாத அவர்களைக் குறை சொல்வது நியாயமாகப் படவில்லை. அதோடு, கூட்டம் பெருகியபோதும் அவர்கள் ஆறுமுகம் என்ற பெயரை விட்டுவிடவில்லை. மலாய்ப் பாட்டு கேட்கும் எந்த வீட்டிலும் அப்பெயர் தெரியும்.

லோகநாதன் 2007 ஜூன் 4 அன்று நுரையீரல் புற்றுநோயால் காலமானார். அதன் பிறகு சில ஆண்டுகள் கழித்து, டத்தோ டேவிட் ஆறுமுகத்தைக் குழுவோடு இரண்டாம் முறை பார்த்தேன். உடன்பிறந்தோர் குரல் இணைந்து ஒலிப்பதற்கு உடற்கூற்றுக் காரணமும் உண்டு: தொண்டை, வாய் அமைப்பு நெருங்கியிருக்கும், ஒரே வீட்டில் பேசக் கற்றதால் உயிரொலிகளும் ஒன்றுபோல் விழும். வேறொருவர் அதே சுரத்தைப் பாடினாலும் இரண்டு குரல் என்று தெரிந்துவிடும். அன்று பழைய பாடல்கள் வந்தபோது, குழுவினர் நன்றாகவே துணை பாடினார்கள். ஆனாலும் மேலே சொன்ன அந்தத் தலைப்புக்குரிய பாடல் தொடங்கியதும் மண்டபம் பாடுவதை நிறுத்திக்கொண்டது. யாரும் சொல்லவில்லை. தட்டும் கரண்டியும்கூட ஓய்ந்தன. பாட்டு முடிந்து சற்று நேரம் கழித்துத்தான் கை தட்டினார்கள்.

பால் அகஸ்டினும் ஜேம்ஸ் லோக்ஹெட்டும் 2015-இல் வெளியிட்ட நூல் பினாங்கின் 1930கள் முதல் 1960கள் வரையிலான வெகுசன இசையைச் சொல்கிறது. 2016-இல் கொம்தாரில் பினாங்கு இசை இல்லம் திறக்கப்பட்டது. நூலின் கால எல்லை முடியும் இடத்தில்தான் நம் சகோதரர்களின் கதை தொடங்குகிறது. அவர்களோடு அதே விடுதிகளில் டிரம்மும் கித்தாரும் வாசித்த தமிழர்கள் இன்று எழுபதைக் கடந்திருப்பார்கள். சிலர் உங்கள் தாத்தாவாக, பெரியப்பாவாக இருக்கலாம். வரும் விடுமுறையில் கேளுங்கள். எந்த விடுதி, இரவு எத்தனை மணி வரை, சம்பளம் எவ்வளவு, எந்த மொழிப் பாட்டை அதிகம் கேட்டார்கள், வீட்டில் என்ன சொன்னார்கள். பழைய படம் இருந்தால் பின்புறம் எழுதியிருக்கும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மலருக்கு அனுப்புங்கள்.