நோயாளியைச் சிரிக்க வையுங்கள்

வேத பகுதி: நீதிமொழிகள் 17:22

இந்த வசனத்தில் சாலொமோன் சந்தோஷமான மனதை மருந்துக்கு ஒப்பிடுகிறார். உள்ளம் நொறுங்கிப் போனால் அது எலும்பு வரைக்கும் ஆளைக் காய வைத்துவிடும் என்றும் அதே மூச்சில் சொல்லுகிறார். மருந்து என்றவுடனே நமக்கு மாத்திரையும் டானிக்கும்தான் ஞாபகம் வருகிறது, சிரிப்பு ஞாபகம் வருவதில்லை. மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டால்தான் பரிசுத்தம் என்று நினைக்கிற விசுவாசிகளும் நம் நடுவில் உண்டு. ஆபிரகாம் வீட்டில் பிறந்த வாக்குத்தத்தப் பிள்ளைக்கு என்ன பேர்? ஈசாக்கு. எபிரெயு பாஷையில் அதற்குச் சிரிப்பு என்று அர்த்தம். ஆதியாகமம் 18-ம் அதிகாரத்தில் நம்பாமல் உள்ளுக்குள்ளே சிரித்த சாராள், 21-ம் அதிகாரத்தில் தேவன் தன்னைச் சிரிக்க வைத்தார் என்று சாட்சி சொல்லுகிறாள். தொண்ணூறு வயதில்!

(1994-ல் டொராண்டோ பட்டணத்து ஆராதனைகளில் ஆரம்பித்துப் பரவின ‘பரிசுத்த சிரிப்பு’ பற்றிச் சிலர் கேட்பீர்கள். அது வேறே விஷயம். நான் எழுதுவது வீட்டிலும் ஆஸ்பத்திரி வார்டிலும் சிரிக்கிற சாதாரணச் சிரிப்பைப் பற்றி.)

வாய்விட்டுச் சிரிக்கும்போது சரீரத்தில் என்ன நடக்கிறது? நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற உதரவிதானம் குலுங்கிக் குலுங்கிச் சுருங்குகிறது. நுரையீரலில் இருக்கிற காற்று விட்டுவிட்டு வெளியே தள்ளப்படுகிறது. இருதயம் கொஞ்ச நேரம் வேகமாக அடித்து, பிறகு தணிகிறது. இறுகிக் கிடந்த தசைகள் தளருகின்றன. 2005-ல் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்து இருதய டாக்டர் மைக்கேல் மில்லர் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார். 20 பேருக்குச் சிரிப்புப் படத்தையும், மனதை வதைக்கிற யுத்தப் படத்தையும் காட்டி, கையிலே ஓடுகிற ரத்தக் குழாயை அளந்து பார்த்தார்கள். சிரிப்புப் படம் பார்த்தபோது ரத்த ஓட்டம் சராசரி 22 சதவீதம் கூடியது. யுத்தப் படம் பார்த்தபோது 35 சதவீதம் குறைந்தது. 20 பேர் என்பது சின்னக் கணக்குதான், அதை வைத்துப் பெரிய பிரசங்கம் பண்ணக்கூடாது. ஆனாலும் கவனிக்க வேண்டிய காரியம்.

2011-ல் ஆக்ஸ்போர்டு பேராசிரியர் ராபின் டன்பார் வேறொரு விதமாகச் சோதித்தார். பி.பி. பார்க்கிற பட்டையைக் கையிலே கட்டி, வலி தாங்காது என்று சொல்லுகிற மட்டும் காற்று அடித்தார்கள். சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தவர்கள், அதற்குப் பிறகு முன்னைவிட அதிக வலியைத் தாங்கினார்கள். மூளையில் சுரக்கிற எண்டார்ஃபின் என்கிற இயற்கையான வலிநிவாரணியே காரணம் என்பது அவர் விளக்கம். மரியாதைக்குப் பல்லைக் காட்டுகிற சிரிப்பு போதாது, வயிறு குலுங்க வேண்டும். தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட நாலு பேரோடு இருக்கும்போது மனுஷன் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறான் என்று ராபர்ட் புரோவைன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் எழுதினார். நோயாளியைத் தனியே விட்டால் இந்த மருந்து கிடைக்காது என்று இதிலே தெரிகிறது.

எந்தச் சிரிப்பும் மருந்தாகி விடுமா? ஆகாது. 1995 மார்ச் 13-ம் தேதி பம்பாயில் டாக்டர் மதன் கட்டாரியா என்பவர் ஒரு பார்க்கில் ஐந்தே பேரோடு சிரிப்பு கிளப் ஆரம்பித்தார். ஆளுக்கொரு ஜோக் சொல்லிச் சிரித்தார்கள், கூட்டமும் வளர்ந்தது. இரண்டு வாரத்திற்குள் நல்ல ஜோக்குகள் தீர்ந்துபோய், அசிங்கமானதும் அடுத்தவரைப் புண்படுத்துகிறதும் வர ஆரம்பித்தன. வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். அப்போதுதான் அவர் ஜோக்கையே நிறுத்திவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சும்மா சிரிக்கிற முறையைக் கொண்டுவந்தார். ஒப்புக்குத் தொடங்கின சிரிப்பு கூட்டத்தில் தானாகவே நிஜமாகி விடுகிறது. இன்றைக்கு அது பல நாடுகளில் நடக்கிறது.

ஐந்து பேர் கூடின இடத்திலேயே இரண்டு வாரத்தில் பரியாசம் நுழைந்துவிட்டது, பாருங்கள்! தொல்காப்பியர் நகைப்பு பிறக்கிற நாலு இடங்களைச் சொல்லும்போது, முதலாவதாகச் சொல்லுவதே எள்ளல். நீதிமொழிகள் 26:18, 19-ஐ எடுத்துப் படியுங்கள். அடுத்தவனை ஏய்த்துவிட்டு ‘விளையாட்டுக்குத்தான்’ என்கிறவனை, நெருப்பையும் அம்பையும் வீசுகிற பைத்தியக்காரனோடு சேர்க்கிறது வேதம். மருமகளின் சமையலையும், கூடப் படிக்கிற பையனின் கறுப்பையும், திக்குவாயையும் கிண்டல் பண்ணுவது நம் வீடுகளில் தமாஷ் என்ற பேரில் நடக்கிறது. சிரித்தவனுக்கு ரத்தக் குழாய் விரியலாம், கேட்டவனுக்கு எலும்பு காய்கிறது.

இன்னொரு எச்சரிப்பு. நார்மன் கசின்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் 1964-ல் முதுகெலும்பைப் பாதிக்கிற கொடிய வியாதியில் படுத்தார். சிரிப்புப் படம் போட்டுப் பார்த்தார். பத்து நிமிஷம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று 1976-ல் ஒரு மருத்துவப் பத்திரிகையிலே எழுதினார். சிரித்தே வியாதியை ஜெயித்தார் என்று பலரும் அதைச் சொல்லித் திரிகிறார்கள். ஆனால் அவர் தன் டாக்டரோடு கலந்து பேசித்தான் எல்லாம் செய்தார், வைட்டமின் சி-யும் நிறைய ஏற்றிக்கொண்டார். ஆகையால் சுகர், பி.பி., வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள். தீமோத்தேயுவின் வயிற்றுக்கு பவுல் வெறும் ஜெபத்தை மட்டும் எழுதி அனுப்பவில்லை (1 தீமோ. 5:23).

இனி காரியத்திற்கு வருவோம். கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, கோரிமேட்டில் ஜிப்மரும் இருக்கிறது. வியாதியஸ்தரைப் பார்க்க நாம் அடிக்கடி போகிறோம். போய் என்ன பேசுகிறோம்? ‘என் சித்தப்பாவுக்கும் இதே வியாதிதான், மூணு மாசம்தான் இருந்தார்’ என்கிறோம். இல்லாவிட்டால் சாவு வீட்டில் நிற்பதுபோல் நிற்கிறோம். அதற்கு ஆரஞ்சுப் பழத்தை மட்டும் கொடுத்து அனுப்பிவிடலாம்.

அடுத்த தடவை போகும்போது முதலில் அவர்கள் முகத்தைப் பாருங்கள். வலியில் துடிக்கிறவர்களிடம் சும்மா கையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். நீதிமொழிகள் 14:13 சொல்லுகிறபடி, சிரிக்கிறவர்கள் மனதிலும் துக்கம் இருக்கலாம். கொஞ்சம் தெளிவாக இருக்கிறார்களா, நீங்கள் ஜோக் சொல்ல வேண்டாம், அவர்களைப் பேச விடுங்கள். ‘கல்யாணத்தன்று மாப்பிள்ளை என்ன கூத்து பண்ணினார்?’, ‘சின்ன வயசில் ஸ்கூலுக்கு மட்டம் போட்டு எங்கே போனீங்க?’ என்று கேளுங்கள். அவர்களே சொல்லி அவர்களே சிரிப்பார்கள். பக்கத்துக் கட்டில்காரரும் காது கொடுத்துச் சிரிப்பார். சிஸ்டர் வந்து சத்தம் போடுகிற அளவுக்குப் போக வேண்டாம். ஜெபம் பண்ணிவிட்டு, பத்து நிமிஷத்தில் எழுந்து வாருங்கள்.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அதிகச் சிரிப்பு இளைப்பைக் கிளப்பிவிடும். வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்களிடம் தையல் ஆறும்வரை உங்கள் சாமர்த்தியத்தைக் காட்ட வேண்டாம். அவர்களாகவே சிரித்துவிட்டால், ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.