சரம் பின்னிய விரல்கள்

அன்பு மகளே,

விருதுநகர் அரசு மருத்துவமனையில் உனக்கு டாக்டர் பயிற்சியில் முதலில் எலும்பு வார்டு என்று உன் அம்மா சொன்னாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வெகுகாலம் முன்பு என்னிடம் ஒரு பாட்டி வந்தார். திருத்தங்கல் பக்கம் பட்டாசு ஆபீஸில் ஆயுசு முழுக்கச் சரம் பின்னியவர். வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்திருந்தது. படுத்த படுக்கையிலும் போர்வை ஓரத்து நூலைப் பிரித்துப் பின்னிக்கொண்டே இருந்தார். விரலில் தடுமாற்றமே இல்லை. காலையில் என்ன சாப்பிட்டார் என்று நான் கேட்கவில்லை. எலும்பைச் சேர்த்து அனுப்பிவிட்டேன். ஆறு மாதம் கழித்து, வீட்டுக்கு வழி தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் நின்றாராம். மகன் வந்து சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது.

எலும்புக்கும் மறதிக்கும் உறவு உண்டு. எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட்டும் மூளையைத் துப்புரவு செய்யும் மைக்ரோக்லியாவும் நோயெதிர்ப்புச் செல்களில் பங்காளிகள். நாசு-ஹக்கோலா என்ற அரிய நோயில் முப்பது வயதை ஒட்டி மணிக்கட்டும் கணுக்காலும் முறியும். பிறகு புத்தி தடுமாறும். இரண்டு செல்லிலும் வேலை செய்யும் ட்ரெம்2 மரபணுவின் பழுதும் அதற்குக் காரணம் என்று 2002-இல் தெரிந்தது. அதே மரபணுவின் இன்னொரு மாற்றம் அல்சைமர் ஆபத்தைக் கூட்டுவது 2013-இல் தெரிந்தது.

முதுமையில் இந்தக் குலத்துச் செல்களுக்கு என்ன நேர்கிறது என்று ஸ்டான்ஃபோர்டில் காட்ரின் ஆண்ட்ரியாசன் குழு 2021-இல் காட்டியது. கிடைக்கும் சர்க்கரை எரியாமல் கிளைக்கோஜனாக அடைபடுகிறது. குதிர் நிறைய நெல், அடுப்பில் உலை இல்லை. பசித்த செல் துப்புரவை விட்டு அழற்சியைக் கிளப்புகிறது. அப்படிப் பூட்டுவது புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற அழற்சிப் பொருள். அதன் ஏற்பியை அடைத்ததும் கிழ எலிகளுக்கு நினைவு திரும்பியது.

வலி மாத்திரையும் அதே புரோஸ்டாகிளாண்டினைத்தானே குறைக்கிறது என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. கொடுத்துவிடாதே, அம்மா. அல்சைமருக்கு அந்த மாத்திரைகளை வைத்து நடந்த சோதனைகள் பலன் தரவில்லை. நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்து, முதுகு வலிக்குக் கடையில் வாங்கி விழுங்குகிறவர்கள் நம் ஜனங்கள். வயிறும் சிறுநீரகமும் இன்னும் கெடும்.

இடுப்பு முறிந்து வருகிறவரிடம் இன்றைக்கு என்ன கிழமை என்று கேள். கூட வந்த மகளைத் தனியே கூப்பிட்டு, அடுப்பை அணைக்க மறக்கிறாரா என்று விசாரி. ஆபரேஷனுக்கு மறுநாள் வரும் குழப்பத்தை மட்டும் மறதி நோய் என்று எழுதிவிடாதே. பலருக்கு அது தெளிந்துவிடும். அடுத்த மாதம் மெடிசின் வார்டுக்குப் போவாய். அங்கே மறதி என்று வரும் பாட்டியை எழுப்பிச் சுவரோரம் நிறுத்தி, முதுகு வளைந்திருக்கிறதா, உயரம் குறைந்திருக்கிறதா, பார்.

அன்புடன்,
பெரியப்பா