இருதயமும் சுண்ணச் சத்தும்

சிவகாசி மத்தாப்பின் நிறங்களைக் கண்டு களியாதார் நம் ஜில்லாவில் இலர். செந்நிறம் ஸ்டிரான்ஷியம் உப்பினாலும், பச்சை பேரியம் உப்பினாலும், செம்மஞ்சள் கால்சியம் உப்பினாலும் உண்டாகின்றன. இம்மூன்றும் ஒரே குலத்துச் சகோதரர். இவருள் கால்சியமே நம் மார்பகத்தே இடையறாது தொழில் புரிகின்றது. அதனை இங்கு ஒருவாறு ஆராய்வோம்.

இதனை முதலில் உணர்த்தியது ஒரு பிழையே எனலாம். லண்டனில் ஸிட்னி ரிங்கர் என்னும் வைத்தியர், உப்பு நீரிலிட்ட தவளையின் இருதயம் நெடுநேரம் துடிக்கக் கண்டு 1882-ல் அதனை வெளியிட்டார். காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாகக் குழாய் நீர் வார்க்கப்பட்டிருந்தமை பின்னரே தெரிந்தது. வடித்த நீரிற் கரைத்தபோதோ இருதயம் சோர்ந்து நின்றது. குழாய் நீரிலிருந்த சுண்ணச் சத்தே அதனை இயக்கியதென 1883-ல் எழுதித் தம் பிழையைத் தாமே திருத்தினார். நம் கிணற்று நீரைக் காய்ச்சிய பானையின் அடியிற் படியும் வெண்பொடியை இனி நாம் இகழலாகாது.

இருதயத் தசையின் உயிரணுவுக்கு வெளியேயுள்ள கால்சியம், ஓய்வுக் காலத்தில் உள்ளே இருப்பதினும் ஏறத்தாழ 10,000 மடங்கு மிகுதி. மின்னலை வந்து தொட்டதும் சவ்விலுள்ள வாயில்கள் திறந்து சிறிது கால்சியம் உட்புகும். அச்சிறிது, திரியில் வைத்த பொறிபோல, உள்ளே வலைப்பின்னலாய் அமைந்த களஞ்சியத்தைத் திறந்துவிடும். அங்கிருந்து மிகுதியாக வெளிப்படும் கால்சியம் ட்ரோபோனின் என்னும் புரதத்தைப் பற்ற, தசை சுருங்கும். உவமை இவ்வளவில் நிற்க. வெடித்த வெடி மீளாது. இருதயமோ அடுத்த துடிப்புக்குமுன், ஒரு விநாடிக்கும் குறைந்த காலத்தில், தன் மருந்தைத் திரும்பப் பொதிந்து வைக்கின்றது.

களஞ்சியச் சுவரிலுள்ள பம்புகள் ஏ.டி.பி. என்னும் எரிபொருளைச் செலவிட்டு, மனிதரில் ஏறத்தாழ 70 சதவீதத்தை உள்ளிழுக்கும். எஞ்சியதிற் பெரும்பாலும், 3 சோடியத்தை உள்ளே விட்டு 1 கால்சியத்தை வெளியேற்றும் மாற்று வாயில் வழியே போகும். பாஸ்போலம்பான் என்னும் சிறு புரதம் பம்பினை அடக்கி வைக்கின்றது. நாம் ஓடுங்கால் அட்ரினலின் அக்கட்டைத் தளர்த்துவதால், நாடி விரைந்தும் தசை இளகி இருதயம் நிரம்புகின்றது. பம்பு தளர்ந்த இருதயத்திலோ கால்சியம் வெளியே தங்கித் தசை இளகத் தாமதமாகும். களஞ்சியமும் குறைவதால் அடுத்த துடிப்பு மெலியும்.

பேரியம் இத்தொழிலுக்கு உதவாததோடு, உயிரணுக்களின் பொட்டாசிய வழிகளையும் அடைக்கும். கரையும் பேரிய உப்பு வயிற்றிற் சென்றால் இரத்தத்திற் பொட்டாசியம் குறைந்து துடிப்பு தாளம் தவறும். எக்ஸ்-கதிர்ப் படத்துக்கென விழுங்கும் பேரியம் சல்பேட் கரையாமையால் தீங்கு செய்வதில்லை. பட்டாசில் பேரிய உப்புகளை உச்ச நீதிமன்றம் 2018-ல் தடுத்தது காற்றின் மாசு பற்றியே. ஆயினும், மருந்து கலக்கும் அறையினின்று வருவோர் சோற்றிற் கைவைக்குமுன் நன்கு கழுவுதற்கு மேற்கூறிய காரணமும் உண்டு. நஞ்சேறினார்க்கு மருத்துவர் முதற்கண் கொடுப்பது பொட்டாசியமே.