ஆலமரத்தடியில் நமக்கும் ஓர் இடம்



1970களில் நம் இளைஞர் பலருக்குப் பேனா நண்பர்கள் இருந்தார்கள். தோட்டத்து ஆபீசு வழியாக ஒரு கடிதம் வந்துவிட்டால் அன்று லயம் முழுவதும் அதே பேச்சு. உறைக்குள் சில சமயம் வெளிநாட்டு முத்திரைகளும் இருக்கும். அந்த நாடு எங்கே என்று தேசப்படத்தில் தேடியபோது, பாடசாலையில் படியாததைப் பிள்ளை படித்துக்கொண்டான். முகம் காணாத ஒருவர் அவனுக்கு நண்பருமானார்.

இன்று அந்தக் கடிதத்தின் இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்துவிட்டது. பிள்ளைகள் எந்நேரமும் அதில் தலை கவிழ்ந்திருப்பதைக் கண்டு பெற்றோர் கவலைப்படுகிறார்கள். அக்கவலை நியாயமானதே. ஆனால் அதே கருவிக்குள் பொழுதுபோக்காகக் கூடிக் கற்கும் நல்ல கூட்டங்களும் உண்டு. அவற்றுள் ஒன்றை இவ்வாரம் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

ஓய்வு நேரத்தில் எழுந்த களஞ்சியம்

தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டு செப்டெம்பரில் தொடங்கியது. இது யாவரும் இலவசமாகப் படிக்கவும் எழுதவும் கூடிய கலைக்களஞ்சியம். அதே ஆண்டு நவம்பரில் இ. மயூரநாதன் அதில் எழுதத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இவர் ஒரு கட்டடக் கலைஞர். ஐக்கிய அரபு இராச்சியத்தில் தொழில் செய்துகொண்டே ஓய்வு வேளைகளில் எழுதி, 4,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் தொடக்கி வைத்தார். 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதைக் கனடா தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்கு வழங்கியது.

அவரைத் தொடர்ந்து ஆசிரியர், மாணவர், பொறியியலாளர், இல்லத்தரசிகள் எனப் பலர் வந்து சேர்ந்தனர். எவருக்கும் ஊதியம் இல்லை. 2017இல் கட்டுரைகளின் எண்ணிக்கை ஓர் இலட்சத்தைத் தொட்டது. 2013இல் சென்னையில் பத்தாண்டு விழா நடந்தபோது, எழுத்தால் மட்டுமே பழகிய பலர் ஒருவரையொருவர் நேரில் கண்டனர்.

திருத்துவதும் நட்பே

இவர்களிடம் நாம் கற்க வேண்டியது என்ன? புதிதாக வருபவர் எழுதிப் பழக அங்கே ‘மணல்தொட்டி’ என்றொரு பக்கம் உண்டு. ஒவ்வொரு கட்டுரைக்கும் பக்கத்தில் ஒரு பேச்சுப் பக்கம் உண்டு. எல்லோரும் கூடிப் பேசும் இடத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஒருவர் பிழையாக எழுதினால் மற்றொருவர் திருத்துவார். ஏன் திருத்தினார் என்பதையும் பேச்சுப் பக்கத்தில் கேட்கலாம். யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவு அழியாமல் இருக்கும். புதியவரைக் கடிந்து விரட்டாதீர், அவர் நல்லெண்ணத்தோடே எழுதினார் என்று கொள்ளுங்கள் என்பது அங்குள்ள நெறி. மனிதர் கூடும் இடமாதலால் சண்டையும் அங்கே வருவதுண்டு. ஆயினும் நெறி அதுவே.

நம் பிள்ளைகளுக்கு இது பெரிய காரியம். கொப்பியில் சிவப்பு மையைக் கண்டவுடன் ‘எனக்கு வராது’ என்று ஒதுங்கிவிடும் பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர்! பிழை விடுவது அவமானமன்று என்பதையும், பொறுமையோடு திருத்துபவர் பகைவரல்லர் என்பதையும் உணர்ந்த பிள்ளையே மேலும் கற்கிறான்.

மடுல்சீமையிலிருந்து எதைக் கொண்டுபோவோம்?

கொழும்பில் கடையில் வேலை செய்யும் நம் பையனை, ‘எந்த ஊர்?’ என்று கேட்டால் ‘பதுளை’ என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறான். தோட்டத்தின் பெயர் அவன் வாயில் வருவதில்லை. சொல்லத்தக்கது நம்மிடம் ஒன்றுமில்லை என்று அவன் எண்ணுகிறான்.

அது உண்மையா? கவ்வாத்து வெட்டுவது எப்படி, முள்ளுக்குத்துவது எதற்கு, பிரட்டுக்களத்தில் என்ன நடக்கும் என்பதை அவன் தாய் தந்தையர் அறிவார்கள். பட்டணத்தில் படித்தவர் பலர் அறியார். இச்சொற்களும் தமிழின் செல்வமே. ஆனால் கலைக்களஞ்சியத்தில் கேள்விப்பட்டதை அப்படியே எழுத முடியாது. சான்று காட்ட வேண்டும். அதற்கு 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் துணை செய்யும். இலங்கைத் தமிழ் நூல்களும் பத்திரிகைகளும், மலையக நூல்கள் உட்பட, அதன் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தாயிடம் கேட்டு, நூலில் சரிபார்த்து, பின் எழுதும் பிள்ளை அங்கே மாணவனாக மட்டும் நிற்பதில்லை. மற்றவர்க்கு ஆசிரியனும் ஆகிறான். அதன்பின் தன் தோட்டத்தின் பெயரைச் சொல்ல அவன் கூசமாட்டான்.

ஓர் எச்சரிக்கை

இணையத்தில் நண்பர் வேடத்தில் வருபவரும் உண்டு. பணம், புகைப்படம், வீட்டு விலாசம், தனிமையில் சந்திப்பு ஆகியவற்றைக் கேட்பவரிடமிருந்து பிள்ளைகள் உடனே விலகிப் பெற்றோரிடம் சொல்ல வேண்டும். சொன்ன பிள்ளையைப் பெற்றோர் ஏசக் கூடாது; ஏசினால் அடுத்த முறை அவன் சொல்லமாட்டான். பலர் காணப் பேசும் ஆலமரத்தடி, மறைவில் பேசும் பேச்சைவிட நல்லது.

சிந்தனைக்கு

1. என் பிழையை அன்போடு திருத்திய ஒருவரை நினைவுகூர முடிகிறதா? நான் பிறரை எவ்வாறு திருத்துகிறேன்?

2. நம் தோட்டத்து முதியோர் அறிந்தவற்றுள் இன்னும் எழுதப்படாதது எது?

3. இவ்வாரம் அவர்களுள் ஒருவரிடம் அமர்ந்து, பத்துத் தொழிற்சொற்களைக் கொப்பியில் எழுதி வருவோமா?